ஒரே பேரேடு, பல கல்லாப்பெட்டிகள்: டெர்மினல் சர்வர் முறை பற்றி வணிகர் அறிய வேண்டியவை

நம் உறுப்பினர்களில் பலர் ஒரே கடையோடு நிற்பவர்கள் அல்லர். உத்திரமேரூர் பஜாரில் மொத்தக் கடை, மானாம்பதியிலோ சாலவாக்கத்திலோ ஒரு சில்லறைக் கடை, காஞ்சிபுரத்தில் குடோன் என்று தொழில் மூன்று இடங்களில் நடக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு கம்ப்யூட்டர், அதில் ஒரு கணக்கு. மூன்றையும் ஒன்று சேர்ப்பதற்கு மாதக் கடைசியில் பென் டிரைவை எடுத்துக் கொண்டு ஒருவர் பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

இதில் வரும் நஷ்டம் பஸ் கட்டணம் மட்டுமல்ல. உதாரணத்துக்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். குடோனில் 60 மூட்டை துவரம் பருப்பு இருக்கிறது. காலையில் மானாம்பதி கடையில் 25 மூட்டைக்கு பில் போட்டு விடுகிறார்கள். பஜார் கடையின் கம்ப்யூட்டரில் இருப்பு இன்னும் 60 என்றே காட்டுகிறது. மதியம் அங்கே 50 மூட்டைக்கு வாக்குக் கொடுத்து விடுகிறார்கள். சாயங்காலம் 15 மூட்டை குறைகிறது; வாக்குத் தவறிய பெயர் நமக்கு வருகிறது. அதே போல ஒரு கடையில் 40,000 ரூபாய் பாக்கி வைத்திருக்கும் வாடிக்கையாளர், அடுத்த கடையில் புதுக் கணக்காகக் கடன் வாங்கிச் செல்கிறார். பாக்கி இருப்பது அந்தக் கடைப் பையனுக்குத் தெரியாது. சரக்கும் கடனும் இரண்டு புத்தகத்தில் இருந்தால் இந்தத் தொல்லை தீராது.

எல்லாக் கடைக்கும் ஒரே பேரேடு இருக்க வேண்டும், ஆனால் ஒவ்வொரு கல்லாவிலிருந்தும் அதில் எழுத முடிய வேண்டும். இதற்கு உள்ள வழிகளில் ஒன்றுதான் டெர்மினல் சர்வர் முறை. தொலைவிலிருந்தே மேசைக் கம்ப்யூட்டரை இயக்குவது என்பதால் இதை 'ரிமோட் டெஸ்க்டாப்' என்றும் சொல்வார்கள். பெரிய நிறுவனங்களுக்கு இது பழகிய விஷயம். நம்மைப் போன்றவர்களுக்கு இது ஏற்றதா, செலவு என்ன, ஆபத்து என்ன என்பதை இங்கே பார்ப்போம்.

ரயில்வே கவுண்டரில் நாம் கண்டது

இந்த முறை நமக்கு முற்றிலும் புதியது அல்ல. ரயில் முன்பதிவுக்குச் செங்கல்பட்டிலோ காஞ்சிபுரத்திலோ கவுண்டரில் நின்றவர்கள் எல்லாரும் இதைக் கண்டவர்களே.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு பதிவேடு இருந்தது. அந்தப் பதிவேடு எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ அங்கேதான் இடம் உண்டா இல்லையா என்று தெரியும். 1985-ல் புதுடெல்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு தொடங்கியது. அதற்கான மென்பொருளை சி.எம்.சி. என்ற அரசு நிறுவனம் உருவாக்கியது. பின்னர் சென்னை உட்பட மற்ற பெருநகரங்களுக்கும் அது வந்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999-ல் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன.

இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கவுண்டரில் எழுத்தர் முன்னால் இருந்தது ஒரு திரையும் கீபோர்டும்தான். அதற்கு 'டெர்மினல்' என்று பெயர். டிக்கெட் கணக்கு அதற்குள் இல்லை. எழுத்தர் அழுத்தும் எழுத்து கம்பி வழியே மையத்துக்குச் செல்லும். மையத்தில் உள்ள பெரிய கம்ப்யூட்டர் பதிவேட்டைப் பார்த்துப் பதிலைத் திரைக்கு அனுப்பும். பதிவேடு ஒன்றே என்பதால் ஒரே படுக்கை இரண்டு பேருக்கு விற்காது. கவுண்டரில் உள்ள திரை பழுதானாலும் பதிவேட்டுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த கவுண்டருக்குப் போய் வேலையைத் தொடரலாம்.

நம் துவரம் பருப்புக் கணக்குக்கும் ரயில் படுக்கைக் கணக்குக்கும் வேறுபாடு இல்லை. இரண்டிலும் தேவை ஒரே இருப்பு, பல விற்பனை இடங்கள்.

முறை வளர்ந்த வரலாறு

ஒரு கம்ப்யூட்டரைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்து கொள்ளும் ஏற்பாட்டை 1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் இயக்கிக் காட்டினர். அந்நாளில் கம்ப்யூட்டர் விலை மிக அதிகம். ஆளுக்கு ஒன்று வாங்க முடியாது என்பதால் பகிர்ந்தார்கள். பிறகு விலை குறைந்து ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பகிரும் தேவை தீர்ந்தது போலத் தோன்றியது. ஆனால் கணக்கும் ஆளுக்கு ஒன்றாகச் சிதறிப் போயிற்று.

சிதறியதை மறுபடி சேர்க்கும் வேலையை சிட்ரிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் கையில் எடுத்தது. விண்டோஸைப் பலர் ஒரே நேரத்தில் தொலைவிலிருந்து பயன்படுத்தும் 'வின்பிரேம்' என்ற மென்பொருளை 1995-ல் அது வெளியிட்டது. 1998-ல் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் விண்டோஸ் என்.டி. 4-க்கு டெர்மினல் சர்வர் பதிப்பைக் கொண்டு வந்தது. விண்டோஸ் 2000 சர்வரிலிருந்து இந்த வசதி உள்ளடங்கியே வந்தது. 2009-ல் அதன் பெயர் 'ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்' என்று மாற்றப்பட்டது. பெயர்தான் மாறியது, தத்துவம் ஒன்றே. லினக்ஸிலும் இதே வேலையைச் செய்யும் இலவச மென்பொருள்கள் உண்டு.

உள்ளே நடப்பது என்ன?

சர்வர் என்பது சற்று வலுவான ஒரு கம்ப்யூட்டர். கணக்கு மென்பொருளும் கணக்குக் கோப்புகளும் அதில் மட்டுமே இருக்கும். மானாம்பதி கடையில் உள்ளவர் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே நுழைகிறார். சர்வர் அவருக்கென்று தனியாக ஒரு மேசையை ஒதுக்கிக் கொடுக்கிறது. இன்னொருவர் நுழைந்தால் அவருக்கு இன்னொரு மேசை. ஒருவர் மேசையில் நடப்பது அடுத்தவர் திரையில் தெரியாது. ஆனால் எல்லாரும் எழுதுவது ஒரே பேரேட்டில்தான்.

கடையிலிருந்து சர்வருக்குப் போவது கீபோர்டில் அழுத்திய எழுத்தும் மவுஸின் அசைவும் மட்டுமே. சர்வரிலிருந்து கடைக்கு வருவது திரையின் காட்சி. அதிலும் முழுத் திரையும் ஒவ்வொரு தடவையும் வராது. மாறிய பகுதி மட்டும் வரும். எனவே கணக்கு எழுதுவது, பில் போடுவது போன்ற வேலைகளுக்கு ஆளுக்கு விநாடிக்குச் சில நூறு கிலோபிட் வேகமே போதும். வீடியோ பார்ப்பதற்குத் தேவையான வேகத்தில் இது சிறு பங்குதான்.

சிலர் கேட்கலாம்: கணக்குக் கோப்பை ஒரு கம்ப்யூட்டரில் வைத்து, மற்றக் கடைகளிலிருந்து நேரடியாக அந்தக் கோப்பைத் திறந்தால் போதாதா? ஒரே கட்டிடத்துக்குள் கேபிள் போட்ட இணைப்பில் அது நடக்கும். இன்டர்நெட் வழியாகச் செய்தால், ஒவ்வொரு பதிவுக்கும் கோப்பின் பகுதிகள் அங்குமிங்கும் பயணம் செய்ய வேண்டும். முதலில் வேகம் குறையும். அடுத்து, பாதி எழுதும்போது இணைப்பு அறுந்தால் கோப்பே கெட்டுப் போகலாம். டெர்மினல் சர்வரில் அந்தப் பயம் இல்லை. இணைப்பு அறுந்தால் திரைதான் போகும். எழுதிக் கொண்டிருந்த பில் சர்வரில் அப்படியே திறந்து நிற்கும். மறுபடி நுழைந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மழைக் காலத்தில் இணைப்பு வந்து வந்து போகும் நம் ஊர்ப் பகுதிக்கு இது பெரிய சௌகரியம்.

சர்வரை எங்கே வைப்பது?

இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, நம் பஜார் கடையிலேயே வைப்பது. ஐந்து பேர் கணக்கு எழுதும் அளவுக்கு 16 ஜி.பி. நினைவகமும் எஸ்.எஸ்.டி. வட்டும் உள்ள ஒரு கம்ப்யூட்டர் வசதியாக இருக்கும். கணக்கு நம் கூரையின் கீழே இருக்கிறது என்ற நிம்மதி உண்டு. ஆனால் அது எந்நேரமும் ஓட வேண்டும். பஜாரில் மின்சாரம் போனால், மானாம்பதியில் மின்சாரம் இருந்தும் பில் போட முடியாது. ஆகவே யு.பி.எஸ்., அதற்குப் பின் இன்வெர்ட்டர், இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இன்டர்நெட் இணைப்பு ஆகியவை அவசியம். கம்ப்யூட்டரைத் தரையில் வைக்கக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் தரைத்தளக் கடைகளில் தண்ணீர் புகுந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

இரண்டாவது, சென்னை, மும்பை போன்ற நகரங்களில் உள்ள டேட்டா சென்டரில் சர்வரை வாடகைக்கு எடுப்பது. 'கிளவுட்' என்று சொல்வது இதைத்தான். மின்சாரமும் குளிர்சாதனமும் அவர்கள் பொறுப்பு. மாதாமாதம் வாடகை கட்ட வேண்டும். நம் மூன்று கடைகளில் ஒன்றில் மின்சாரம் போனாலும் மற்ற இரண்டும் நிற்காது. ஆனால் பேரேடு பிறர் வீட்டில் இருக்கிறது. வாடகை தவறினால் என்ன நடக்கும், ஒப்பந்தத்தை முறித்துக் கொண்டால் எத்தனை நாளில் நம் கணக்கை நம்மிடம் தருவார்கள், எந்த வடிவத்தில் தருவார்கள் என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிக் கொள்ள வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஒரு வருடக் கணக்கை, அந்த வருட ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். வாடகைக்கு விட்டவர் கடையை மூடி விட்டார் என்று அதிகாரியிடம் சமாதானம் சொல்ல முடியாது. கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனமாக இருந்தால், மின்னணுக் கணக்கின் நகல் இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும் என்ற விதியும் 2022 முதல் உண்டு.

செலவு பற்றிச் சில வார்த்தைகள்

கம்ப்யூட்டர் விலையை எல்லாரும் கேட்கிறார்கள், உரிமத்தைக் கேட்பதில்லை. செலவு ஒளிந்திருப்பது அங்கேதான். கடையில் நாம் வாங்கும் சாதாரண விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே வேலை செய்ய அனுமதி. பலர் நுழைய வேண்டுமானால் சர்வர் பதிப்பும், அதற்கு மேல் ஆள் கணக்கிலோ கருவிக் கணக்கிலோ தனி உரிமமும் வாங்க வேண்டும். இந்த உரிமம் இல்லாமலே முதல் 120 நாட்கள் ஓடும். அதை வைத்து 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று பணத்தை வாங்கிக் கொண்டு போய் விடுபவர்கள் உண்டு. 121-ஆம் நாள் கடை திறக்கும்போது யாராலும் உள்ளே நுழைய முடியாமல் போகும். கோப்பு ஒன்றை மாற்றிச் சாதாரண விண்டோஸிலேயே பலரை நுழைய விடும் குறுக்கு வழியும் புழக்கத்தில் இருக்கிறது. அது உரிம மீறல். அடுத்த அப்டேட்டில் நின்று போகவும் கூடும். டாலி போன்ற கணக்கு மென்பொருளிலும் ஒருவர் உரிமம் வேறு, பலர் உரிமம் வேறு என்பதை நினைவில் வைக்கவும்.

மிச்சமாகும் செலவும் உண்டு. கடைகளில் உள்ள பழைய கம்ப்யூட்டர்கள் வெறும் திரையாக மட்டும் வேலை செய்தால் போதும் என்பதால், அவற்றை உடனே மாற்ற வேண்டியதில்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்து விட்டது. பழைய கருவியில் இலவச லினக்ஸைப் போட்டுத் திரையாகப் பயன்படுத்துவது பாதுகாப்பான வழி. புதிதாக வாங்குவதானால், வட்டும் விசிறியும் இல்லாத 'தின் கிளையன்ட்' என்ற சிறு பெட்டிகள் உள்ளன. அரிசி மண்டியின் தவிட்டுத் தூசி விசிறி உள்ள கம்ப்யூட்டரை என்ன பாடு படுத்தும் என்பது மண்டிக்காரர்களுக்குத் தெரியும். தின் கிளையன்ட்டுக்கு அந்தத் தொல்லை குறைவு.

நடைமுறையில் வரும் சிக்கல்கள்

முதல் சிக்கல் பிரிண்டர். பில் தயாராவது சர்வரில், அச்சாக வேண்டியது கல்லாவில். கடைப் பிரிண்டரை சர்வருக்கு அடையாளம் காட்டும் வசதி உண்டு. ஆனால் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களும் சில தெர்மல் பிரிண்டர்களும் சண்டித்தனம் செய்யும். பணம் கொடுப்பதற்கு முன் நம் கடைப் பிரிண்டரிலேயே பத்து பில் அடித்துப் பார்த்து விட வேண்டும்.

இரண்டாவது தமிழ். எழுத்துருவும் தமிழ்த் தட்டச்சு வசதியும் சர்வரில் இருக்க வேண்டும். கடைக் கம்ப்யூட்டரில் இருந்து பயனில்லை. பழைய எழுத்துருக்களில் சரக்குப் பெயர் அடித்து வைத்திருப்பவர்கள் அதை யூனிகோடுக்கு மாற்றிக் கொண்டு தொடங்குவது நல்லது.

மூன்றாவது டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். யு.எஸ்.பி.யில் செருகும் இந்தக் கருவியைத் தொலைவிலிருந்து சர்வர் அறியச் செய்ய முடியும். ஆனால் எல்லா டோக்கனும் ஒரே மாதிரி ஒத்து வருவதில்லை. ஆடிட்டரிடம் கேட்டு, ரிட்டர்ன் தாக்கல் செய்யும் வேலையை மட்டும் தனிக் கம்ப்யூட்டரில் வைத்துக் கொள்வதில் தவறில்லை.

பூட்டு சரியில்லாவிட்டால்

இனிச் சொல்லப் போவது இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி. மேலே சொன்ன சௌகரியங்கள் அனைத்தும் நமக்கு மட்டுமல்ல, திருடனுக்கும் உண்டு. மானாம்பதியிலிருந்து நாம் நுழைய முடிந்தால், உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒருவன் கதவைத் தட்ட முடியும்.

விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389 என்ற எண்ணுள்ள வாசல் வழக்கமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. இன்டர்நெட்டில் இந்த வாசல் திறந்திருக்கும் கம்ப்யூட்டர்களைத் தேடுவதற்கென்றே தானியங்கி நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. கண்டுபிடித்தவுடன் 'அட்மின்', '12345' என்று ஆயிரக் கணக்கில் கடவுச்சொற்களைப் போட்டுப் பார்க்கும். உள்ளே நுழைந்து விட்டால் எல்லாக் கோப்புகளையும் பூட்டி, சாவிக்குப் பணம் கேட்பார்கள். பணம் கொடுத்தாலும் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2019 மே மாதத்தில் பழைய விண்டோஸ் பதிப்புகளின் ரிமோட் டெஸ்க்டாப்பில் கடவுச்சொல்லே இல்லாமல் நுழையக் கூடிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. ஆதரவு முடிந்து விட்ட விண்டோஸ் எக்ஸ்.பி.க்குக் கூட மைக்ரோசாப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது என்றால் ஆபத்தின் அளவைப் புரிந்து கொள்ளலாம்.

ஒரே பேரேடு என்பதன் மறுபக்கம் இது. மூன்று இடத்தில் கணக்கு இருந்தபோது ஒன்று போனால் இரண்டு மிஞ்சும். ஒரே இடத்தில் இருக்கும்போது போனால் பாக்கிப் பட்டியல் மொத்தமும் போகும். யார் எவ்வளவு தர வேண்டும் என்பது தெரியாத வியாபாரிக்கு யார் வந்து தானாகக் கொடுப்பார்கள்? ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கட்டாயம் கடைப்பிடிக்கவும்.

1. 3389 வாசலை இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்து வைக்காதீர்கள். முதலில் வி.பி.என். என்ற பாதுகாப்பான வழிக்குள் வந்து, அதன் பிறகே சர்வரை அடையும்படி அமைக்கச் சொல்லுங்கள். வாசல் எண்ணை மாற்றி வைப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது.

2. கடவுச்சொல்லோடு செல்போனில் வரும் எண்ணையும் கேட்கும் இரட்டைப் பூட்டு வையுங்கள். சில தடவை தவறாக அடித்தால் கணக்கு தானாகப் பூட்டிக் கொள்ளும்படியும் அமைக்கலாம்.

3. ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். வேலையை விட்டுப் போனவரின் பெயரை அன்றைக்கே நீக்கி விடுங்கள்.

4. தினமும் நகல் எடுங்கள். ஒரு நகல் சர்வரோடு இணைக்கப்படாமல் தனியாக, வேறு கட்டிடத்தில் இருக்க வேண்டும். சர்வரிலேயே செருகி வைத்த வட்டில் உள்ள நகலையும் திருடன் சேர்த்துப் பூட்டி விடுவான்.

5. மாதம் ஒரு தடவை அந்த நகலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகல் இருந்தும் இல்லாத கதைதான்.

6. விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைக்காதீர்கள். கடை விடுமுறை நாளில் போட்டுக் கொள்ளலாம்.

7. ஏதேனும் நடந்து விட்டால் உடனே சர்வரின் இணைப்பைப் பிடுங்குங்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

மூன்றாவது விதியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. எல்லாக் கடையிலும் 'முதலாளி' என்ற ஒரே பெயரில் நுழைந்தால், தவறான பில்லைப் போட்டவர் யார், போட்ட பில்லை அழித்தவர் யார் என்று ஒருபோதும் தெரியாது. தனித்தனிப் பெயர் இருந்தால் நாள், நேரம் உட்படப் பதிவு இருக்கும். நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் குடவோலைக்குத் தகுதியற்றவர்கள் என்று விதிக்கிறது. கணக்கு எழுதியவர் அதற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும் என்பது இந்த ஊருக்கு ஆயிரத்து நூறு வருடப் பழக்கம். கம்ப்யூட்டர் வந்ததால் அதை விட்டு விட வேண்டியதில்லை. கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில், திருத்தங்களை யார் எப்போது செய்தார் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் சட்டமே சொல்கிறது.

யாருக்கு ஏற்றது, யாருக்கு வேண்டாம்?

ஒரே கடை, ஒரே கல்லா, மாலையில் முதலாளியே கணக்கு எழுதுகிறார் என்றால் இந்த முறை தேவையில்லை. நல்ல கம்ப்யூட்டர் ஒன்றும் ஒழுங்கான நகலும் போதும். இரண்டு கடைகள் இருந்தும் சரக்கும் வாடிக்கையாளரும் வேறு வேறு என்றாலும் அவசரம் இல்லை.

இரண்டு மூன்று இடங்களில் ஒரே சரக்கை விற்பவர்கள், கடன் வியாபாரம் அதிகம் உள்ள மொத்த வணிகர்கள், குடோன் வேறு ஊரில் வைத்திருப்பவர்கள், காஞ்சிபுரத்தில் உள்ள ஆடிட்டர் அங்கிருந்தே கணக்கைப் பார்க்க வேண்டும் என்று விரும்புபவர்கள் ஆகியோர் இதைப் பரிசீலிக்கலாம். பில்லிங் மட்டும் போதும் என்றால், பிரவுசரில் திறக்கும் கணக்கு மென்பொருள்களும் உண்டு. அவற்றுக்கு டெர்மினல் சர்வரே வேண்டாம். இப்போது கையில் உள்ள மென்பொருளையும் பழகிய ஆட்களையும் மாற்றாமல் பல இடங்களுக்கு விரிவாக்க விரும்புவோருக்கே டெர்மினல் சர்வர் பொருந்தும்.

தொடங்குவதானால் தீபாவளி, பொங்கல் நெருக்கத்தில் தொடங்க வேண்டாம். ஏப்ரல் முதல் தேதி புதுக் கணக்கு தொடங்கும்போது மாற்றுவது எளிது. அதற்கு முந்தைய மார்ச் மாதம் முழுவதும் ஒரு கடையை மட்டும் இணைத்து, பழைய முறையையும் கூடவே வைத்து ஓட்டிப் பாருங்கள். இரண்டு கணக்கும் மாத முடிவில் பைசா சுத்தமாக ஒத்துப் போனால், அடுத்த கடையை இணைக்கலாம். ஒத்துப் போகாவிட்டால் காரணம் தெரியும் வரை பழைய பேரேட்டை மூட வேண்டாம்.